பதின்மூன்றும் ஒன்றும்

கண்ணாடிப் பெட்டிகளின் மேல் மதிய வெளிச்சம் பாலாடைபோல் படிந்திருக்கிறது. காட்டில் அற்றுப்போன அந்த நத்தை இனத்தில், உலகம் முழுவதற்கும் மிச்சம் இந்த அறையில் இருக்கும் பதினான்குதான். இன்று எண்ணினால் பதின்மூன்று வருகிறது. அவற்றைப் பார்த்துக்கொள்பவள் பெட்டியிலிருந்து எடுத்த வாடிய இலைகளை வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக விளக்கின் முன் தூக்கிப் பார்க்கிறாள். காணாமல் போன குஞ்சு நத்தை கடுகளவுதான். குப்பையோடு போனால் போனதுதான். “நத்தைதானேடி, பஸ் பிடிச்சா போயிடப்போகுது?” என்கிறாள் எதிரே இன்னொரு தட்டோடு உட்கார்ந்திருக்கும் தோழி. “சிரிக்க வைக்காத. மூச்சுப் பட்டாலே இலை பறந்துடும்.”

தண்ணீர் தெளிக்கும் குழாய் உஸ்ஸென்று மூச்சுவிட்டு அடங்குகிறது. கடைசி இலையின் நரம்போரம் ஒரு நீர்த்துளி தானாக நகர்கிறது. அவள் விரலை நனைத்து அருகில் வைக்கிறாள். துளி கொம்புகளை நீட்டி, யோசித்து, விரல்நுனியில் ஏறுகிறது. “கிடைச்சிடுச்சா? சீக்கிரம் பெட்டியில விடு!” “இரு, நகத்துமேல போய்க்கிட்டிருக்கு.” தோழியும் குனிகிறாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாமல் அது நகத்தடி வெண்பிறையைக் கடக்கிறது.