ரெண்டு பேர்

“கூடும்” என்று சொல்லிவிட்டான்.

வாய் முந்திக்கொண்டது.

அந்தப் பெண் நீட்டிய டேப்லெட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. கூடும். அப்படியே இருக்கும். குறையும். அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் கம்பெனியில் ஆட்களின் எண்ணிக்கை எப்படி இருக்கும் என்பது கேள்வி. ஏதோ தொழில் சங்கத்தின் கணக்கெடுப்பாம். தெருத்தெருவாக, கம்பெனி கம்பெனியாக அவள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவனுடையது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. பன்னிரண்டு மிஷின் கிடக்கின்றன. நான்கு ஓடுகின்றன.

“இப்ப எத்தன பேருங்கண்ணா வேலைல இருக்காங்க?”

“பன்னெண்டு.”

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. துளசிமணி அக்காவின் மிஷின்தான். பத்து வருஷமாக இங்கே தைக்கிறாள். அவளுக்குப் பாம்புக் காது.

இத்தனைக்கும் கம்பெனிப் பெயர் எங்கேயும் வராது என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள். எல்லாருடைய பதிலையும் சேர்த்து ஊருக்கே ஒரு எண் போடுவார்களாம். உள்ளதைச் சொல்லியிருந்தால் யாரும் அவன் தலையை வாங்கப் போவதில்லை.

ஆனால் இந்த ஊரில் எவன் சொல்வான்?

வேலை இருக்கிறதோ இல்லையோ, கேட்டில் ‘டெய்லர்கள் உடனடியாகத் தேவை’ போர்டு தொங்கியாக வேண்டும். கழற்றிப் பார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுகிப்போச்சு என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். ஆர்டர் கொடுக்கிறவன் போனை எடுக்க மாட்டான். இருக்கிற நாலு பேரும் வேறு இடம் தேடுவார்கள். அதனால் தெரு முழுக்க ஆள் தேவை. அதே தெருவில் பாதி மிஷினுக்கு மேல் துணி போர்த்திக் கிடக்கிறது.

“புதுசா எத்தன பேர் எடுப்பீங்க?”

“ரெண்டு பேரு. பேட்லாக் டெய்லர்.”

பனியனுக்கு ஓரம் மடித்துத் தைக்கிற பேட்லாக் மிஷினா என்று அவள் கேட்டாளா? பொய்க்கு உப்பு காரம் வேறு.

“தொழில் மேல நம்பிக்கை, பத்துக்கு எத்தனங்கண்ணா?”

“எட்டு.”

தன் துணிச்சலை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் எட்டை அழுத்தினாள். வேலை முடிந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

“காலைல இருந்து பதினாலு கம்பெனி பாத்துட்டனுங்க. எல்லாருமே கூடும்னுதான் சொல்றாங்க. ஆள் எடுக்கறீங்களான்னு கேட்டா மழுப்பறாங்க. நீங்க ஒருத்தருதான் ரெண்டு பேருன்னு கணக்காச் சொன்னீங்க.”

அவன் மேஜையைப் பார்த்தான்.

“எங்கூட்டுக்காரரு பேட்லாக் டெய்லருங்கண்ணா. நாலு மாசமா சும்மா இருக்காரு. பெங்களூர்ல செக்யூரிட்டி வேலைன்னு இன்னிக்கு சாயங்காலம் பஸ் ஏறறாரு. பதினஞ்சு வருசமா மிஷின்ல உக்காந்த மனுசனுங்க. ராத்திரி பூரா முழிச்சு நிக்கறதெல்லாம் அவருக்கு ஆவுமான்னு தெரியல.”

வேலை கொடுங்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்கு மிஷின்களும் நின்றுவிட்டன.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. வேலை இல்லை அம்மிணி. அவள் எழுந்து போயிருப்பாள். அந்த மனிதன் பஸ் ஏறியிருப்பான். பெங்களூரில் ஒரு சம்பளமாவது நிச்சயம்.

“திங்கக்கெழம வரச் சொல்லு” என்றான்.

அவள் கைகூப்பிவிட்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தான். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான். சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் வைத்திருந்தான். தப்பாச் சொல்லிட்டேன் அம்மிணி, அவர பஸ் ஏறச் சொல்லு.

“பஸ்காரங்ககிட்ட டிக்கெட்டு வேண்டாம்னு சொல்லிருங்க” என்று அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் வாயைத் திறந்தான்.

“ஏனுங்க, புது ஆர்டர் வந்துருச்சுங்களா?”

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். துளசிமணி அக்கா. அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று பேரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். பன்னெண்டு பேர் என்றது பொய்யென்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் முதலாளி ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து வரச் சொல் என்கிறார் என்றால் அது பொய்யாக இருக்குமா? மாதக்கணக்கில் அவன் பார்த்திராத தெளிவு அந்த நாலு முகத்திலும் இருந்தது.

“எங்ககிட்டச் சொல்லவே இல்ல பாருங்க” என்றாள் துளசிமணி அக்கா. குரலில் செல்லக் கோபம்.

அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“என்னுங்கண்ணா, ஏதோ சொல்ல வந்தீங்க?”

இந்தப் பக்கம் ஒரு முகம். அந்தப் பக்கம் நாலு.

“கத்திரி” என்றான். “அவரு கத்திரியக் கொண்டாரச் சொல்லு அம்மிணி. இங்க இருக்கறது மொக்கை.”

“சரிங்கண்ணா.”

அவள் போனைக் காதில் வைத்தாள்.

“கேட்டுச்சுங்களா? இனி எதுக்குன்னு பரண் மேல தூக்கிப் போட்டீங்களே, அந்தக் கத்திரிய எறக்குங்க. எறக்கி எண்ணெ உட்டு வெய்யுங்க.”