இரண்டாவது பூட்டு

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே திறந்துச்சு! இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு?"

வன்னபென் லேப்டாப்பின் தலையில் ஒரு போடு போட்டாள். பாங்காக்கின் சம்பெங் சந்தில் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. தள்ளுவண்டிக்காரர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வழியில் நின்றவர்களின் குதிகாலைப் பதம் பார்த்தார்கள்.

கடை வாசலில் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து ஐஸ் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார் புன்மி. லாவோஸிலிருந்து வந்த மொத்த வியாபாரி. ஒரு மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சீருடைத் துணி வாங்க வந்திருக்கிறார். காபி தீர்ந்ததும் விலை கேட்பார். பிடிக்கவில்லையென்றால் எதிர்க்கடைக் கியங்கிடம் போய்விடுவார். எதிர்க்கடை என்றால், இங்கே தும்மினால் அங்கே முகம் துடைக்க வேண்டும், அவ்வளவு தூரம்.

போன வருஷம் அந்த ஆர்டர் வன்னபென்னுக்குத்தான். அதற்கு முந்திய வருஷமும் அவளுக்குத்தான். கியங் என்ன விலை வைத்தாலும் அவள் விலை மயிரிழை கீழே நிற்கும். "அக்காவுக்கு மூக்கு அப்படி" என்று சந்தே பேசிக்கொள்ளும்.

"மாலி! இங்க வா. புதுசா ஒரு கட்டம் வந்து நிக்குது பாரு. என்னன்னு படி."

மாலி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கா லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் அவளைக் காபி வாங்க விரட்டிவிடுவதுதான் வழக்கம். இன்றுதான் முதல்முறையாகப் பக்கத்தில் கூப்பிட்டிருக்கிறாள்.

"பாஸ்வேர்டு சரியாம் அக்கா. ஆனா அது மட்டும் பத்தாதாம். முதலாளி போனுக்கு ஓடிபி வருமாம், அதையும் போடணுமாம். அனுப்பட்டுமா?"

"அனுப்பித் தொலை."

"அனுப்பிட்டேன் அக்கா!" மாலியின் குரல் எப்போதும் சந்தின் அடுத்த முனைவரைக்கும் போய்த் திரும்பும். எதிர்க்கடையில் யாருடைய போனோ டிங் என்றது. "வந்துச்சா பாருங்க."

"ஒண்ணும் வரலை" என்றாள் வன்னபென். அவள் கைப்பை சுவர் ஆணியில் தொங்கியது, போன் அதற்குள் இருந்தது.

"நேத்து வியாபாரிங்க சங்கத்துக் கூட்டத்துல சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் இதைத்தான் சொன்னாரு. கணக்கு, விலை, வாடிக்கைக்காரங்க எல்லாம் கிளவுட்ல இருக்கு, ஒரு பூட்டு பத்தாது, ரெண்டாவது பூட்டு போட்டுக்குங்கன்னு. நீங்கதான் கொட்டாவி விட்டுட்டுப் பாதியில எழுந்து வந்துட்டீங்க."

"பூட்டு விக்கிறவன் வேற என்னடி சொல்லுவான்?"

"கியங் அண்ணன் முன்வரிசையில உக்காந்து அத்தனையும் கேட்டுக்கிட்டாரே."

வன்னபென் கையிலிருந்த விசிறி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஆடியது.

"அக்கா, உங்க பாஸ்வேர்டை யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சொல்ல எனக்கென்ன பைத்தியமா? எண் சோசியர் குறிச்சுக் குடுத்தது. புதன்கிழமை பிறந்தவளுக்கு இதுதான் லாபம் தரும்னு. கார் நம்பர், போன் நம்பர் எல்லாம் அவர் கைராசிதான்."

மாலி எதிர்க்கடையைப் பார்த்தாள். அங்கேயும் புதன்காரர்களுக்கு உரிய பச்சைக் கதவு. உள்ளே பச்சைச் சட்டையில் கியங். அவள் கண்கள் விரிந்தன.

"ஐயோ அக்கா! கியங் அண்ணனும் புதன்தானே? அவரும் அதே சோசியர்கிட்டதானே போறாரு? அந்தக் கிழவர் ஒரு கிழமைக்கு ரெண்டு கணக்கா போடப்போறாரு? கடை மெயில் வேற விசிட்டிங் கார்டுலயே இருக்கு. மெயிலும் நம்பரும் கிடைச்சா யாரு வேணா யாரு கடையை வேணா..."

"வாயை மூடுடி!" வன்னபென்னின் முகம் வெளுத்துவிட்டது. "மறுபடி அனுப்பு."

"அனுப்பிட்டேன் அக்கா!"

டிங்.

புன்மி காபியை முடித்துவிட்டு ஐஸைக் கடிக்கத் தொடங்கினார். "என்னம்மா, விலை சொல்றீங்களா, இல்ல எதிர்ல கேட்டுக்கட்டுமா?"

"ஒரே நிமிஷம் அண்ணே! லேப்டாப் மக்கர் பண்ணுது. இன்னொரு காபி சொல்லட்டுமா?"

"அக்கா, நம்ம விலை எனக்கு மனப்பாடம். சொல்லிடவா?"

"நம்ம விலையை வச்சுக்கிட்டு நாக்கா வழிக்கிறது? அனுப்புடி!"

மாலிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அமுக்கினாள்; விடாமல் மேலும் இரண்டு தடவை அமுக்கினாள். "அனுப்பிட்டேன் அக்கா! இன்னொண்ணும் அனுப்பிட்டேன்!"

டிங். டிங்.

புன்மி எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வன்னபென் அவர் முகத்தைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாகத் தவித்தாள்.

அப்போது பச்சைக் கதவைத் தாண்டிக் கியங் வெளியே வந்தார். கையில் போன். மாலியைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், கடைசியாக வன்னபென்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, என் கடைக் கணக்கைத் திறக்கிற ஓடிபி வந்துக்கிட்டே இருக்கு, படிச்சுச் சொல்லட்டுமா?"