கூண்டுக்கு ஏற்ற முகம்

கூண்டு, சினிமா செட்டில் இருப்பதைவிடச் சிறியது. கைப்பிடியில் பிசுக்கு.

அவன் நிமிர்ந்து நின்றான். வக்கீல் அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்.

எதிரே, சாட்சிக் கூண்டில், சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாள். அவனை மறுபடியும் பார்த்தார்.

"இருட்டிடுச்சு சார். கறுப்பா இருந்தான். அவ்வளவுதான் தெரிஞ்சுது."

"இந்த ஆளான்னு நல்லா பாத்து சொல்லுங்கம்மா," என்றார் அரசு வக்கீல்.

"பாத்த மூஞ்சிதான். எங்கேன்னுதான் பிடிபடல."

எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

அவனுடைய வக்கீல் எழுந்தார். இலவச சட்ட உதவியில் வந்த இளைஞர்.

"ஐயா, இவர் சினிமாவுல துணை நடிகர். அந்தம்மா இவரை டிவியில பாத்திருக்கலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "இந்தக் கலருக்கு சினிமாவா?"

நீதிபதியின் உதட்டிலும் சிரிப்பு வந்தது.

"என்ன வேஷம்பா கட்டுவே?"

"கோர்ட்டு சீன்ல வருவேங்கய்யா. கூண்டுல நிப்பேன்."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள்.

பொய்யில்லை. படப்பிடிப்பில் ஏஜென்ட் வரிசையைப் பார்ப்பார். சிவப்பாக இருப்பவர்கள் வக்கீல் பெஞ்சுக்குப் போவார்கள். அவர் கை காட்டும் முன்பே இவன் கூண்டை நோக்கி நடந்துவிடுவான். அங்கே மேக்கப்காரர் காத்திருப்பார். இவன் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பு பூச.

"சரி, செஞ்சு காட்டு. பாக்கலாம்," என்றார் நீதிபதி.

கடைசி பெஞ்சில் அவன் மனைவி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பார்த்தான்.

ஆனால் நன்றாகச் செய்தால் நடிகன் என்று நம்புவார்கள். நம்பினால் சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போகலாம்.

தோள்களைத் தளர்த்தினான். மெல்லத் தலை குனிந்தான். கண்களை மட்டும் உயர்த்தி அம்மாளை ஒருமுறை பார்த்தான். உடனே தாழ்த்திக்கொண்டான்.

டைரக்டர்கள் கேட்பது அந்தப் பார்வையைத்தான். அதற்குப் பிறகு தியேட்டரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது.

இதுவரை இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மாள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கை கழுத்துக்குப் போனது.

"இவன்தான் சார்."

தட்டச்சு ஓசை தொடங்கியது.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. டைரக்டர் சொல்லாமல் தானாக நிமிர்ந்தால் செட்டில் திட்டு விழும்.

யாராவது போதும் என்று சொல்ல வேண்டும்.