சாக்பீஸ் சமையலறை

அன்று, சமையலறை ஆகப்போகிற அந்தக் காலி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீடுகளுக்கு உள் அமைப்பு வரைந்து கொடுக்கும் என் தம்பி, அவன் மனைவி, தச்சர், அவன் அக்காவான நான். இன்று வெளியே பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

தம்பி நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடியிருந்தான். அரை மணி நேரமாக இமைகூட அசையவில்லை. வாய் திறக்கப் போன தச்சரை நான் கையமர்த்தினேன்.

எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத ஒருமுனைப்பு அவனுக்கு. யாருக்கு வரைந்தாலும் அந்த வீட்டுக்காரியை மனதுக்குள் சமைக்கவிட்டு, அவள் குனிகிற இடம், எட்டுகிற இடம் எல்லாம் பார்த்த பிறகுதான் கோடு போடுவான்.

இம்முறை மனதுக்குள் சமைத்தவள் அவன் மனைவி. இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்கெல்லாம் சமையலறை வரைந்தவன், அவளை ஒரு பொந்தில் வேகவிட்டிருந்தான். அவளுடைய இடது தோள் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இப்ப கிண்டுறா," என்றான் கண்ணைத் திறக்காமல். "உப்பு கைக்கு எட்டணும். இங்க வைங்க. திரும்பாமலே கழுவணும், தொட்டி அங்க."

அவன் சொல்லச் சொல்லத் தச்சர் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தில் பாதிப் பாரம் இறங்கியிருந்தது. "வாம்மா, ஒரு தடவை சமைச்சுக் காட்டு. இனிமே உன் தோளுக்கு வேலையே இல்ல."

"இல்லாத அடுப்புல சமையலா? உப்புப் பத்தலன்னு யாரும் சொல்லக் கூடாது," என்று சிரித்தபடி அவள் கோட்டுக்குள் போய் நின்றாள்.

இல்லாத கரண்டியால் கிண்டினாள். உப்புக்கு உடம்பைக் குறுக்கே வளைத்தாள். தொட்டிக்கு முழுசாகச் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தச்சர் தொண்டையைச் செருமினார். "சார், அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். நீங்க எல்லாத்தையும் வலது கைக்கு வச்சிருக்கீங்க."

தம்பி அவள் கையைப் பார்த்தான். "எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

எனக்கும் அப்போதுதான் தெரியும் என்பதை மறைப்பது நியாயமில்லை. அவள் பரிமாறுவது வலது கையால். சமையலறைக்குள் நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

தம்பி தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையால் கோடுகளை அழிக்க ஆரம்பித்தான்.

"அண்ணி, அவரை எந்திரிக்கச் சொல்லுங்க," என்றாள் அவள்.

அந்தச் சமையலறை வலது கைப் பழக்கமுள்ள வேறொருத்திக்காக வரைந்தது, அவன் மனதில் இன்னொரு பெண் இருந்தாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. சுத்தப் பொய். எங்கள் வீட்டு ஆண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.

துக்கம் விசாரிப்பதுபோல் வந்து கேட்டவர்களிடம் அவன் மனைவியே அதைச் சொல்லிவிட்டாள்.

"வேற யாரும் இல்லைங்க. அவர் மனசுல நானும் இல்ல."