பதினொரு சோடா பாட்டில்கள்

காலி சோடா பாட்டில்கள் பதினொன்றையும் பல் டாக்டரின் மேசைமேல் வரிசையாக அடுக்கினார் லாண்ட்ரிக்காரர். கடைசி பாட்டிலை வைத்த வேகத்தில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"எல்லாம் எலுமிச்சை சோடா டாக்டர். இந்த ஒரு வாரத்துல காலி பண்ணினது. ஊத்திக் கொடுத்த மகராசியையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன், நீங்களே கேளுங்க."

மகராசி என்று அவர் சொன்னது சொந்தத் தங்கையை. கீழே அவருடைய கடையும் வீடும். மாடியில் தங்கை குடியிருந்தாள். இப்போது அவள் தன் மகன் வாலுவின் தோளைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள்.

சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள் லாண்ட்ரிக்காரரின் எட்டு வயது மகள் சிட்டு. தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்று இரண்டு நாளாக ஒரே அழுகை.

"லீவு விட்டா புள்ளைங்க நாலு தின்னத்தானே செய்யும் அண்ணா. வீட்ல கேக் இருந்துது, சோடா இருந்துது, ரெண்டு பேருக்கும்தான்..."

"நீ வாயே திறக்காத. பாசத்துல ஊட்டினியா, பழி தீர்க்க ஊட்டினியா? இனி சிட்டு உன் வீட்டு மாடிப்படி ஏற மாட்டா. நமக்குள்ள இருந்ததும் இன்னியோட சரி."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். சிட்டு வாயை மூடிவிட்டு, "நான் அத்தை வீட்டுக்குப் போவேன்" என்று விசும்பினாள்.

"வாயைத் திற" என்றார் அப்பா.

டாக்டர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். "சொத்தை எதுவும் இல்ல. ஆனா முன்பல்லுல எல்லாம் எனாமல் தேய்ஞ்சிருக்கு. ஈறும் புண்ணாகியிருக்கு."

"தேயாம என்ன செய்யும்? சோடான்னா ஆசிட். துணியில பட்டாலே சாயம் போயிடும். இதோ நிக்கிறானே, இவன் வாயையும் பாருங்க டாக்டர். இவளைவிட ரெண்டு மடங்கு குடிச்சவன். பல்லே மிச்சம் இருக்காது."

சிட்டு இறங்கிக்கொள்ள, நாற்காலியில் வாலு ஏறி உட்கார்ந்தான். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். "இவனுக்கு ஒண்ணுமே இல்லையே."

லாண்ட்ரிக்காரரின் முகம் கடுகடுவென்றானது. "அது கல்லைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாது டாக்டர். என் பொண்ணு அப்படியா? நான் எவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்கறேன்."

டாக்டர் வாலுவிடம் திரும்பினார். "சோடா குடிச்சதும் என்னடா பண்ணுவ?"

"தண்ணி கொப்பளிச்சிட்டு விளையாடப் போயிடுவேன். பல்லு காலையில தேய்ப்பேன். அப்புறம் படுக்கும்போது அம்மா தேய்க்கச் சொல்லுவாங்க."

"பாத்தீங்களா, வளர்த்திருக்கிற லட்சணத்தை." லாண்ட்ரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்படி விடறவன் இல்ல. கறை விழுந்தா காயறதுக்குள்ள தேய்ச்சிடணும். இருபது வருஷமா இதானே என் தொழில். மூணு வாரமா சிட்டு மாடியிலேர்ந்து இறங்கினதும் பிரஷ்ஷோட நிக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நானே நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுவேன். அழுதாலும் விடமாட்டேன்."

டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் எறிந்தார். அதுவரை தாழ்ந்திருந்த அவர் குரல் இப்போது உயர்ந்தது.

"புளிப்பு பட்டா எனாமல் கொஞ்ச நேரம் இளகிப்போய் இருக்கும் சார். எச்சில் ஊறி மறுபடி இறுக அரைமணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் தண்ணி விட்டுக் கொப்பளிக்கலாம். பிரஷ் அது பக்கத்துலயே போகக்கூடாது."

சிட்டு அப்பாவின் பக்கத்திலிருந்து நகர்ந்து அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் தங்கையிடம் சொன்னார்:

"பொண்ணு லீவு முழுக்க உங்க வீட்லயே இருக்கட்டும்மா. இவர் கையில மட்டும் குடுத்துடாதீங்க."