சாரையின் பத்தியம்

பங்குனி மாதத்தில் ஒரு நாள், எலி ஒன்று கால் தவறிச் சாரைப்பாம்பின் முன்னால் விழுந்தது. பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே, பசிக்கலையா?"

"வசந்தகாலம் தம்பி. குளிரில் சேர்ந்த கபத்தைக் கழிக்கணும். ஏழு நாள் தண்ணீர் மட்டும்தான். அப்புறம் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புது ஆளாக வருவேன்."

எலி மெய்மறந்து போனது. அன்றே தானும் பட்டினியைத் தொடங்கியது. தினமும் புற்று வாசலுக்குப் போய்ப் பாம்பின் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

வேலியடியில் கிழங்கு தின்றுகொண்டிருந்த பெருச்சாளி கேலி செய்தது. "என்னடா, வால் மட்டும்தான் மிச்சம் போலிருக்கு! அது பாம்புடா!"

"அவர் பழைய ஆள் இல்லை மாமா" என்றது எலி.

எட்டாம் நாள் காலை, சட்டையை உரித்துவிட்டுப் பாம்பு பளபளவென்று வெளியே வந்தது. எலி ஓடிப்போய் எதிரே நின்றது.

"அண்ணே, புதுசாயிட்டீங்க! இனிமே என்ன சாப்பாடு?"

"காய்ந்த வயிறு தம்பி. முதல் நாள் லேசாகத்தான் சாப்பிடணும்." பாம்பு எலியைத் தலையிலிருந்து வால்வரை அளந்து பார்த்தது.

எலி இரண்டடி பின்னால் நகர்ந்தது. "பெருச்சாளி மாமா... கொழுகொழுன்னு இருப்பாரே?"

"அது கனமான ஆகாரம். பத்தியம் முடியட்டும்."

வேலியடியில் பெருச்சாளியின் வாயிலிருந்து கிழங்கு நழுவி விழுந்தது.