விரிசலின் மேல் இரண்டு கைகள்
ஏரியின் நடுவில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. போட்டிக்காக மாணவர்கள் தாங்களே வார்த்த கான்கிரீட் படகின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. பின்னால் உட்கார்ந்து துடுப்பு போடும் அவள்தான் கலவை குழைத்தவள். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் விரிசலை அழுத்துகிறாள். விரல் இடுக்குகளில் தண்ணீர் சில்லென்று கொப்பளிக்கிறது. முன்னால் இருப்பவன் திரும்பாமலே கேட்கிறான்: "ஏன் நிறுத்திட்ட? பக்கத்துப் படகு தாண்டிடும்." "நீ விடாம துடுப்பு போடு." அவன் திரும்பிப் பார்க்கிறான். தண்ணீர் அவள் தொடையைத் தொட்டுவிட்டது. "குதிச்சிடலாம், வா." "மூழ்கினா போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்கடா. கரைக்குப் போனா போதும். போடு." முகம் வெளிறியவன், முன்பக்கம் திரும்பித் தோள்பட்டை தெறிக்கத் துடுப்பை வலிக்கிறான். கரையில் கூட்டாளிகளின் கூச்சல் அடங்கிப் போகிறது. படகின் விளிம்பு ஏரியோடு ஒரே மட்டமாகிறது. அவன் துடுப்பு நிற்கவில்லை. அவள் கையை எடுக்கவில்லை.